மச்சானின் காது

உங்கள் கேன்டீன் நூடுல்ஸ் ஒன்றும் மோசமில்லை, ஐயா. மாவை நன்றாகப் பிசைந்திருக்கிறார்கள். வினிகர்தான் சரியில்லை. பாட்டிலில் வாங்கியது போலிருக்கிறது. நாக்கில் பட்டதும் சுள்ளென்று குத்திவிட்டு ஓடிவிடுகிறது. எங்கள் ஷான்ஸி மாகாணத்துக்காரன் வாயில் வினிகர் கொஞ்ச நேரமாவது உட்கார்ந்துவிட்டுப் போகவேண்டும். என் வீட்டுச் சமையலறையில் ஒரு ஜாடி இருந்தது. உங்கள் ஆட்கள் சாட்சிப் பொருள் என்று எடுத்துப்போனது அதைத்தான் என்றால், மூடியை இறுக்கி வைக்கச் சொல்லுங்கள். அதற்குக் காற்று ஆகாது.

நேற்றிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். வடக்கு வால்வைத் திறந்தது யார் என்று. நான்தான். நேற்றே சொல்லியிருப்பேன். ஆனால் ஆமாவா இல்லையா என்று மட்டும் சொல் என்றீர்கள். வெறும் ஆமாம் என்று சொன்னால் என்னை ஏதோ கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். ஆற அமரக் கேட்டால் அப்படி நினைக்கமாட்டீர்கள். நான் யாரோடும் சண்டை போட்டவன் இல்லை. ஊரில் விசாரித்துப் பாருங்கள், குவோ மான்சாங் என்றால் சிரித்த முகம் என்றுதான் சொல்வார்கள்.

பம்பு குவோ என்பார்கள் என்னை. எங்கள் ஷிபோ கிராமத்துக்கு அடியில் பழைய சுரங்கம் ஒன்று இருக்கிறது. நிலக்கரி வெட்டி முடித்து வருஷக்கணக்காகிவிட்டது. வெட்டும்போது எல்லாவற்றையும் வெட்டிவிடமாட்டார்கள். அங்கங்கே கரியையே தூண் தூணாக விட்டுவைப்பார்கள். அந்தத் தூண்கள்தான் மேலே இருக்கிற மண்ணையும், மண்மேல் இருக்கிற வீடுகளையும், வீட்டுக்குள் இருக்கிற மாமியார் மருமகள்களையும் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. பழைய பக்கத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். அதை இறைத்து வெளியே தள்ளுவது என் வேலை. இன்னும் கரி வெட்டுகிற புதுப் பக்கத்துப் பம்புகளுக்கு மீட்டர், மணி, மேலாளர் எல்லாம் உண்டு. பழைய பக்கத்துக்கு நான் மட்டும்தான். அங்கே வேறு ஆள் யாரும் வரமாட்டார்கள். இதை முக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்: நான் செய்த எதனாலும் சுரங்கத்துக்குள் ஒரு தொழிலாளிக்குக்கூட ஆபத்து இல்லை. அதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

எல்லாம் என் மகன் கல்யாணத்தில் ஆரம்பித்தது. பையன் சியாவ்போ நல்ல பிள்ளை. மாவட்ட நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தியான் அம்மாளின் மகள் யாலியைப் பிடித்துப்போய்விட்டது அவனுக்கு. அவளுக்கும் பிடித்துப்போய்விட்டது. ஆனால் மாப்பிள்ளைக்கு நகரத்தில் ஃபிளாட் இல்லையென்றால் எங்கள் பக்கத்தில் பெண் கிடைக்காது. சம்பந்தியம்மா வீடு பார்க்க வந்தார். வாசல், அடுப்படி, கோழிக்கூடு எல்லாம் பார்த்தார். சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"சுவரு நல்லா கெட்டியா இருக்கே," என்றார், ஏதோ குறை கண்டுபிடித்தது போல.

"எங்கப்பா கட்டினது," என்றேன் பெருமையாக.

"அதான் சொல்றேன். கெட்டியா இருந்தா உங்களுக்கு யாரு ஃபிளாட் குடுப்பா? பக்கத்து ஊர்ல பூமி இறங்கிச்சு, மொத்த ஊருக்கும் லிஃப்ட் வச்ச வீடு குடுத்துட்டாங்க. தெற்குப் பார்த்த ஜன்னல். எம்பொண்ணுக்கு வெயில் வேணும்."

அவர் சொன்னது உண்மை. பூமி பத்திரமில்லை என்று அதிகாரிகள் சொல்லிவிட்டால் போதும், ஊரையே நகரத்துக்கு மாற்றிவிடுவார்கள். அந்த வருஷம் எங்கள் ஊரையும் சோதிக்க வந்தார்கள். ஊரே கூடி நின்றது. அதிகாரி ஒலிபெருக்கியை வாங்கி, "உங்க ஊரு பத்திரமா இருக்கு, கீழ இருக்கற தூணெல்லாம் உறுதியா இருக்கு, யாரும் பயப்பட வேண்டாம்," என்றார். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. பின்னால் இருந்து லீ வீட்டுக்காரன், "பயப்படணும்னா நாங்க என்னங்க செய்யணும்?" என்று கேட்டான். அதிகாரி ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

என் மனைவி லான்யிங் அன்று அழுதாள். வழக்கமாக அழமாட்டாள்.

அந்தச் சோதனைக்காக வந்தவள்தான் வென் என்ற ஆராய்ச்சிப் பெண். உங்களுக்குத் தெரியும், உங்களிடம் பேசியிருக்கிறாளே. நல்ல பெண். பல்கலைக்கழகத்திலிருந்து இரும்பு அழுத்து இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் பழைய சாமான் அறையில் வைத்திருந்தாள். தூணிலிருந்து குடைந்தெடுத்த கரித் துண்டுகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி அவளுக்குச் சுமந்துகொண்டு போனவன் நான். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத இடம், பாவம்.

ஒரு நாள், "சித்தப்பா, ஒரு வேடிக்கை பாருங்க," என்றாள். காய்ந்த துண்டு ஒன்றை இயந்திரத்தில் வைத்து மேலிருந்து அழுத்தினாள். கரியின் உடம்பில் ஒரு சின்ன மைக்கை ஒட்டி, அதை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அழுத்தம் ஏற ஏற டிக் டிக்கென்று கேட்டது. பிறகு சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று கேட்டது. கடைசியில் டமாரென்று வெடித்துச் சிதறியது. நான் ஒரு எட்டுப் பின்னால் போய்விட்டேன்.

"இப்ப தண்ணியில ஊறப்போட்டது," என்றாள். அதையும் அழுத்தினாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். பொத்தியிருக்கத் தேவையில்லை. ஸ்பீக்கரில் இரண்டோ மூன்றோ முனகல் மட்டும் கேட்டது. அவ்வளவுதான். காய்ந்தது தாங்கிய பாரத்தில் பாதியைக்கூட அது தாங்கவில்லை. சூப்பில் ஊறிய பன்னைப் போல அப்படியே குழைந்து உட்கார்ந்துவிட்டது.

"ஏம்மா இது கத்தல?"

"தண்ணி உள்ள போயி இளக்கிடுது சித்தப்பா. காஞ்ச கரி விரைப்பா இருக்கும், உள்ளுக்குள்ள ஒண்ணொண்ணும் முறியறப்ப சத்தம் போடும். ஈரக்கரி சத்தமில்லாம நழுவிடும். வெறும் தண்ணியில கெட்டுடாது. வெறும் பாரத்துலயும் சட்டுனு கெட்டுடாது. ரெண்டும் சேர்ந்து, நாளும் சேர்ந்தா அவ்வளவுதான்."

எனக்கு அன்று என் நிலைமையே புரிந்தது போலிருந்தது. மேலே சம்பந்தியம்மாவின் பாரம், உள்ளே லான்யிங்கின் கண்ணீர், நாளும் போய்க்கொண்டிருக்கிறது. இதை அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் ஊருக்குப் போனபிறகு பழைய பக்கத்துப் பம்புக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அதுவும் வயசான பம்பு. நான் எதையும் உடைக்கவில்லை, எதையும் வெடிவைக்கவில்லை. தண்ணீர் அதன் இஷ்டத்துக்கு ஏறியது. தூண்களின் காலை நனைத்தது, பிறகு முழங்காலை, பிறகு இடுப்பை. மேலே இருக்கிற பாரம் எப்போதும் இருந்த பாரம்தான்.

முதல் விரிசல் லீ வீட்டில் வந்தது. அடுப்புக்கு மேலே, ஒரு விரல் நுழைகிற மாதிரி. லீயின் மனைவி அன்று பன் அவித்துத் தெரு முழுக்கக் கொடுத்தாள். ஊரே வரிசையில் நின்று விரிசலைப் பார்த்தது. கோயில் திருவிழாவில்கூட அவ்வளவு கூட்டம் கண்டதில்லை. சாங் என்று ஒருவன், பொறாமை தாங்காமல் தன் வீட்டுச் சுவரில் உளியால் ஒரு விரிசல் போட்டு, புகைக்கரி பூசி அதைப் பழசாக்கினான். அளக்க வந்தவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கவலைப்படாதே, உனக்கும் வரும் என்று அவன் தோளைத் தட்டினேன். வந்துவிட்டது, மறுமாதமே, உளியே தேவையில்லாமல். அந்த நாட்களில் ஊரில் சிரிப்பில்லாத வீடு கிடையாது. ஒரு கோழிக்குக்கூடக் காயமில்லை. எத்தனை பேர் வாழ்க்கையில் ஓர் ஊருக்கே நல்லது செய்கிற வாய்ப்பு வருகிறது, சொல்லுங்கள்? நான் வெளியே சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அதிகாரிகள் திரும்ப வந்தார்கள். வென் பெண்ணும் வந்தாள். பூமிக்குள் ஆங்காங்கே சத்தம் பிடிக்கிற கருவிகளைப் புதைத்தாள். கரி முறிகிற சத்தம் பெருகினால் அபாய மணி அடிக்கும். அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் பம்பை ஓடவிட்டுத் தண்ணீரை இறக்கியிருந்தேன், அதனால் தண்ணீர் யார் கண்ணிலும் படவில்லை, பழைய பூமி தானாகவே தளர்ந்துபோச்சு என்று எழுதிவிட்டார்கள். ஷிபோ முழுவதையும் மாற்றுவதாக உத்தரவு வந்தது. லிஃப்ட் வைத்த வீடு. தெற்குப் பார்த்த ஜன்னல். என் வீட்டில் பட்டாசு வெடித்தோம்.

ஒரே ஒரு நிபந்தனை. எல்லா வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டு ஊரைக் காலிசெய்தால்தான் புது வீட்டுச் சாவி. ஒருவர் பாக்கி இருந்தாலும் ஒருத்தருக்கும் கிடையாது. எல்லாரும் போட்டுவிட்டு உறவுக்காரர் வீடுகளிலும் வாடகை அறைகளிலும் போய் ஒண்டிக்கொண்டார்கள். போடாதவர் ஒருவர்தான். யென் ஹுவாய்ஷெங். என் மனைவியின் அண்ணன்.

அவரைப் பற்றி நான் ஒரு குறை சொல்லமாட்டேன். தங்கமான மனுஷன். மனைவி போனபிறகு தனியாகத்தான் இருந்தார், முற்றம் முழுக்க வினிகர்த் தொட்டிகளோடு. வெயில் காலத்தில் வெயிலில் வைத்து, பனிக்காலத்தில் மேலே உறைகிற ஐஸை வாரி எறிந்து, பார்த்துப் பார்த்துப் பழுக்கவைப்பார். தெரு முழுக்கப் புளிப்பு வாடை அடிக்கும். சுரங்கத்தில் அவரைக் காது யென் என்பார்கள். தூணில் காதை வைத்துக் கேட்டு, "கிளம்புங்கடா" என்பார். கிளம்பினவன் பிழைத்தான். ஒரு தடவை என்னையும் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வெளியே போட்டார். நான் நின்ற இடத்தில் கூரை வந்து விழுந்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில நாள்தான். "தங்கச்சிய நல்லா வச்சுக்கறேன்னு சொன்னியே, அதுக்குள்ள எங்க கிளம்பிட்ட?" என்று கேட்டுச் சிரித்தார். அதை நான் மறக்கவில்லை. அவர் மறந்துவிட்டாரோ என்னவோ, ஒரு நாளும் சொல்லிக்காட்டியது கிடையாது.

அவரிடம் பேசாமல் நான் எதுவும் செய்யவில்லை. வாராவாரம் போனேன். அவர் கத்தியால் நூடுல்ஸ் சீவிப் போடுவார், நான் சாராயம் கொண்டுபோவேன். சாப்பிட்டுவிட்டுச் சதுரங்கம் ஆடுவோம்.

"மருமகன் கல்யாணத்துக்கு என்ன வேணும்னாலும் கேளு மாப்பிள்ளை, குடுக்கறேன். வீட்ட மட்டும் கேக்காதே."

"வீட்ட யாரு மச்சான் கேட்டா? ஒரு கையெழுத்துத்தானே கேக்கறேன்."

"எட்டாவது மாடியில என் தொட்டிய எங்க வைப்பேன்? பால்கனியிலயா? கீழ்வீட்டுக்காரன் காயப்போடற துணியில வாடை அடிக்கும்."

"அடிக்கட்டுமே. சட்டையப் பிழிஞ்சு நூடுல்ஸுக்கு ஊத்திக்கட்டும்."

சிரிப்பார். சிரித்துக்கொண்டே என் யானையை வெட்டுவார்.

"விரிசல் வந்திருக்கு மச்சான். உங்க வாசப்படியிலயே வந்திருக்கு."

"விரிசல் கிடக்குது. கரி என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. அது கிளம்பறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் கிளம்பும். இத்தனை வருஷம் எனக்குச் சொல்லாம ஒரு தூண் விழுந்ததில்ல. ஒரு நாள் எனக்குக் கேக்கட்டும், மறுநாள் காலையில நானே வந்து கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் நான் இங்கதான்."

"திடீர்னு வீடு விழுந்துட்டா?"

"நான் உள்ள இல்லாதப்ப விழுந்துச்சுன்னா தொட்டிக்குப் பக்கத்துல கூடாரம் போட்டு உக்காந்துக்கறேன். உள்ள இருந்தா எனக்குத்தான் கேக்குமே."

அவருக்குக் கணப்புச் சூடு ஏற்றிய செங்கல் படுக்கை உண்டு, எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் உண்டு. மதியம் சாப்பிட்டதும் அதில் ஒரு பக்கமாக, காது செங்கல்லில் படுகிற மாதிரி படுப்பார். அந்தக் காதால் கீழே இருக்கிற சுரங்கத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குவார். ஊரில் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். நான் கேலி செய்ததில்லை.

ஆக, பேச்சு நியாயமான பேச்சுத்தான். கேட்டால் போய்விடுவார். அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் வடக்கு வால்வைத் திறந்தேன். பழைய பக்கத்துத் தண்ணீரை அந்த வால்வு வடக்கு அறைக்குத் திருப்பும். வடக்கு அறை சரியாக அவர் வீட்டுக்கும் முற்றத்துக்கும் அடியில் இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் போனால் தூண் லேசாக முனகும், மச்சான் எழுந்து உட்காருவார், மறுநாள் கையெழுத்து. எல்லாருக்கும் சந்தோஷம். முதலில் இதைத்தான் நினைத்தேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

தலையை ஆட்டுகிறீர்கள். வென் பெண் உங்களிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. சொல்லட்டும், அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ஆமாம், வால்வைத் திறப்பதற்கு முன்னால் அவளுக்குப் போன் செய்தேன்.

"வென் பொண்ணே, ஒரு சந்தேகம். ஈரக்கரி நிஜமாவே சத்தம் போடாதா?"

"ரொம்பக் கொஞ்சம்தான் சித்தப்பா. நல்லா ஊறிடுச்சுன்னா காதுக்குக் கேக்கவே கேக்காது. ஏன்?"

"சும்மாதான். இங்க ஒரு பந்தயம். அனுபவஸ்தன் காதுக்குக்கூடவா கேக்காது?"

"என் மெஷினுக்கே சரியாக் கேக்காது, காதுக்கு எங்க கேக்கப்போகுது? பந்தயத்துல ஜெயிச்சா உங்க ஊரு வினிகர் அனுப்புங்க."

இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன் என்கிறீர்கள். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. அதற்குள் சாவி வராவிட்டால் யாலிக்கு வேறு இடம் பார்ப்பதாகச் சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். பையன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். என் பிள்ளை, ஐயா. அவன் மெலிந்து போவதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்? ஒரு பக்கம் இரண்டு இளசுகள், மூட்டை முடிச்சோடு காத்திருக்கிற ஓர் ஊர். இன்னொரு பக்கம் கொஞ்சம் புளிப்புத் தண்ணீர். தராசில் வைத்துப் பாருங்கள்.

வீடு காலியாக இருக்கும்போது விழுந்திருக்கக் கூடாதா என்று கேட்கிறீர்கள். நானும் யோசித்தேன். சந்தை நாளில் அவர் வீட்டில் இருக்கமாட்டார். ஆனால் கூடாரம் போடுவேன் என்றாரே. போடக்கூடிய ஆள்தான். அப்புறம் கையெழுத்து எங்கேயிருந்து வரும்?

வடக்கு அறை நிரம்பியது. வேலைக்குப் போகிற போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். தூண் தன் உடம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேறாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் தொந்தி விழுந்த மாதிரி புடைத்திருந்தது. நான் காதை வைத்துக் கேட்டேன். சாமி சத்தியமாக ஒரு சத்தமும் இல்லை. வென் பெண்ணின் மணியும் அடிக்கவில்லை. எவ்வளவு அமைதி. வேலை செய்த காலம் முழுக்க நிலக்கரி அவ்வளவு அடக்கமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அன்று மதியம் மச்சான் வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில். தொட்டிகளின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வா மாப்பிள்ளை. கையெழுத்து வாங்க வந்தியா, நூடுல்ஸ் திங்க வந்தியா?"

"நூடுல்ஸ்தான். கையெழுத்தப் பத்திப் பேசப்போறதில்ல."

"அப்படி வா வழிக்கு."

இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். ஆட்டிறைச்சியும் தக்காளியும் போட்டுக் குழம்பு வைத்திருந்தார். அவர் வினிகரை ஊற்றியதும் மணம் எழுந்தது பாருங்கள், எனக்கு ஒரு நிமிஷம் கண் கலங்கிவிட்டது. காரமா என்றார். ஆமாம் என்றேன்.

"கல்யாணத்துக்கு வினிகர் வேணுமே மச்சான்."

"என் மருமகன் கல்யாணத்துக்குக் கடை வினிகரா ஊத்துவாங்க? எடுத்துட்டுப் போ. அந்த மூலைத் தொட்டி. அது அவன் பொறந்த வருஷம் போட்டது, இவனுக்குன்னே வச்சிருக்கேன்."

மூன்று ஜாடி நிரப்பிக்கொண்டேன். அவரே பிடித்துக் கொடுத்தார். கல்யாணத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, வென் பெண்ணுக்கு ஒன்று. நல்ல சரக்கு வீணாகப்போவதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

ஜாடிகளைத் தள்ளுவண்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது படுக்கையில் சாய்ந்தபடி கேட்டார்.

"மாப்பிள்ளை, நீ தினமும் கீழ போறவன். ஒளிக்காம சொல்லு. வடக்குப் பக்கம் ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல மச்சான். காலையிலகூட காத வச்சுப் பார்த்தேன்."

"அதானே. எனக்கும் ஒண்ணும் கேக்கல. கொஞ்ச நாளா ரொம்ப அமைதியா இருக்கு. அப்ப நான் நிம்மதியாத் தூங்கலாம்."

"தூங்குங்க மச்சான்."

காதைச் செங்கல்லில் வைத்துக் கண்ணை மூடினார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சரிவுக்குக் கீழே வாய்க்கால் பாலம் ஒன்று இருக்கிறது, அங்கே நல்ல காற்று வரும். உட்கார்ந்து ஒரு சிகரெட் பற்றவைத்தேன். அன்றுதான் விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதற்கு முந்தைய மதியங்களிலும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். காற்றுக்காக.

எனக்கும் எதுவும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று காத்திருந்தவன் நான், எனக்கே கேட்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது கூரை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அவ்வளவுதான். பிறகு மெதுவாகப் புழுதி எழுந்தது, பிறகு வினிகர் வாடை சரிவு முழுக்க இறங்கி வந்தது. நான்தான் முதலில் ஓடினேன். கையாலேயே மண்ணைத் தோண்டினேன், நகம் பெயர்ந்துவிட்டது பாருங்கள். அழுதேன். நடிப்பு என்று நினைக்காதீர்கள், நெஞ்சு வெடிக்கிற மாதிரி அழுதேன். லான்யிங்கை நான்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போடாத வீடு என்று இனி ஒன்றும் இல்லை, சவ அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் சாவி வந்துவிட்டது. தெற்குப் பார்த்த ஜன்னல். சம்பந்தியம்மா சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார். கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று சிலர் சொன்னார்கள். மண்டபம் பேசியாகிவிட்டது, மச்சானும் அதை விரும்பமாட்டார் என்று நான்தான் சொன்னேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமனுக்குத்தான் முதல் மரியாதை. வாசலைப் பார்த்த இருக்கை அவருக்கு. அவர் சாப்பிடுகிற குச்சியை எடுக்காமல் யாரும் எடுக்கக்கூடாது. லான்யிங் அந்த இருக்கையைக் காலியாக விட்டு, கிண்ணமும் குச்சியும் வைத்து, கோப்பையில் சாராயமும் ஊற்றி வைத்தாள். எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. பதார்த்தம் ஆறிக்கொண்டிருந்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டான். யாராவது ஒருத்தர் ஆரம்பிக்கவேண்டாமா? நான் போய் மச்சான் இருக்கையில் உட்கார்ந்து, அவர் குச்சியை எடுத்து, முதல் துண்டை வினிகரில் தொட்டு வாயில் போட்டேன். அப்புறம்தான் கல்யாணம் களைகட்டியது. வினிகரைப் புகழாதவர் இல்லை.

மறுநாளே வென் பெண்ணுக்கு ஒரு ஜாடியை அனுப்பினேன். பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன் என்று போனிலும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "எந்தப் பந்தயம் சித்தப்பா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகுதான் வடக்கு அறைக் கருவியின் பதிவை எடுத்துக் கேட்டிருக்கிறாள். ஒரு வீடு இறங்கியிருக்கிறது, ஆனால் கருவியில் ஒன்றுமில்லை. காய்ந்த தூண் என்றால் பல நாள் கத்தியிருக்கும், இது கத்தவில்லை, அப்படியானால் தண்ணீர், தண்ணீர் என்றால் பம்பு குவோ. கெட்டிக்காரப் பெண். ஜாடியை அனுப்பாமல் இருந்திருந்தால் நீங்கள் என்னைத் தேடியே வந்திருக்கமாட்டீர்கள். ஆனால் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டால் தந்துவிடவேண்டும். அதுதான் என் சுபாவம்.

எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஓர் இடத்தை மட்டும் திருத்துங்கள். ஹுவாய்ஷெங்கை ஏமாற்றி என்று எழுதியிருக்கிறீர்கள். அது என் மனசுக்கு ஒப்பவில்லை. அவரிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னது கிடையாது. சத்தம் கேட்கிறதா என்று கேட்டார். கேட்கவில்லை என்றேன். கேட்கவில்லைதானே?

ஈரக்கரி சத்தம் போடாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால் மனுஷன் அன்று கண்ணை மூடியிருக்கமாட்டார். வயசானவர், சாப்பிட்டதும் கொஞ்சம் படுக்காவிட்டால் அவருக்கு உடம்புக்கு ஆகாது. அவர் தூக்கத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை, ஐயா.